ஆறு வார்த்தை

கோட்டைக் கதவு மூட ஆரம்பித்ததும் மருமகள் ஷோபா என் தொடையில் தட்டினாள். "அத்தே, வருது, வருது."

எனக்குத் தெரியாதா? மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

திருத்தணி தியேட்டர். ராஜா காலத்துப் படம். எதிரிப் படை வருகிறது என்று கோட்டைக் கதவை மூடுகிறார்கள். ஒரு கிழவி ஓடிவந்து காவல்காரன் காலைப் பிடித்துக்கொண்டு, "கதவைச் சாத்தாதீங்க, என் புள்ள இன்னும் வரல" என்கிறாள்.

அந்தக் கிழவி நான்தான்.

கார்வேட்டிநகரம் குளத்துப் பக்கம் எடுத்தார்கள். தெலுங்கிலும் தமிழிலும் ஒரே படம். இரண்டு பாஷையும் நாக்கில் சிக்காமல் பேசுகிற வயசான பொம்பளை வேண்டும் என்று தேடி வந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் புகை மெஷின் புகையில் என் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் கொடுத்தார்கள். சரியாகவில்லை. "பரவால்லம்மா, இப்படியே நல்லாருக்கு" என்று மைக்கை வாயருகே பிடித்து, தனியாக மூன்று முறை சொல்ல வைத்தார்கள்.

படம் வெளிவந்ததும் புத்தூரில் தெலுங்கில் பார்த்தோம். திரையில் என் முகம். அதற்குள்ளிருந்து வந்தது யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். "நா பிட்ட இங்கா ராலேது" என்று அவள் கொஞ்சினாள்.

தெருவே கைதட்டியது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

எனக்குக் கதை என்றால் பேச்சுதான். எந்தப் படத்திலும் ராணி என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மனசில் நிற்கும்.

தமிழில் என் குரலையே விட்டுவைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. திருத்தணிக்குப் போயே ஆகவேண்டும் என்று பத்து நாள் பிடிவாதம் பிடித்தேன்.

"புத்தூர்ல பாத்த அதே மூஞ்சிதானேம்மா திருத்தணிலயும் வரப்போவுது?" என்றான் என் மகன் சுரேஷ்பாபு. "ஒரு சீன்ல வந்ததுக்கே உனக்கு ஈரோயின் கெத்து வந்துடுச்சு."

முகத்துக்காக யார் அழுதது? அதை அவனுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு போதும். கடைசியில், படம் மாறுவதற்கு முந்தின நாள்தான் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வேன் பிடித்தான். நானும் ஷோபாவும் போயிருந்தால் போதும். தெருவில் பாதி ஏறிக்கொண்டது.

திரையில் கூட்டம் சிதறி ஓடியது. காவல்காரன் தாழ்ப்பாளைத் தூக்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முகம் வந்தது.

பின்வரிசையில் பக்கத்து வீட்டு நாகபூஷணம் விசிலடித்தான். "அதோ பார்றா, நம்ம ரத்தினம்மா அக்கா."

சும்மா இருங்கள் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா டாட்டா காட்டுதுடா."

அவ்வளவுதான். சீட்டைத் தட்டினார்கள், பேர் சொல்லிக் கத்தினார்கள். முன்னால் இருந்த திருத்தணிக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்து, அவர்களும் கைதட்டினார்கள்.

திரையில் என் வாய் திறந்தது, மூடியது. கோட்டைக் கதவும் மூடியது. குதிரைகள் வந்துவிட்டன.

ஆறு வார்த்தை. ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

எழுந்து நின்று, திரும்பி, அவர்களை நறுக்கென்று நாலு கேட்கவேண்டும் போல இருந்தது. கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் கேன்டீனில் டீ வாங்கும்போது ஷோபா பெருமையாகச் சொன்னாள். "கோட்டைக் கதவாண்ட ஒரு பெரியம்மா அழுவறாங்க இல்ல, அது எங்க அத்தைதான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு மூஞ்சி தெரியாதும்மா. நான் எங்க படம் பாத்தேன்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினு பத்து நாளா வசனம் கேக்கறேன், அவ்ளோதான்." டம்ளரை நீட்டினாள். "ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அல்லாரும் தேனாட்டம் பேசறாங்க. அந்தக் கெழவி கொரலு மட்டும் ரம்பம் போட்டு அறுக்கற மாதிரி கீது. வேற யாரையாவது பேச வெச்சிருக்கலாம்."

ஷோபா டம்ளரை வைத்துவிட்டுச் சண்டைக்கு நிமிர்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் அந்த அம்மாளிடம், இன்னும் சொல் என்று காட்டினேன்.

"இன்னும் இன்னா சொல்றது? நீங்களே ஒரு தபா சொல்லிக் காட்டுங்க. ஒத்துப்போவுதா பாக்கலாம்."

நான் கழுத்துத் துண்டைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

அந்த அம்மாளின் கை தானாக அவள் தொண்டைக்குப் போனது.

அன்றைக்குத் தொண்டையைக் கட்டியது புகை இல்லை. ஷூட்டிங் முடிந்த இரண்டாம் மாதம், திருப்பதியில் ஆபரேஷன் செய்து என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பேச்சு இல்லை. வீட்டில் ஒருவர் போனிலும் என் குரல் இல்லை. வயசானவள் பேசுவதை யார் பிடித்து வைப்பார்கள்?

ஷோபா என்னையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரம்பம்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். அதில் சண்டை இல்லை.

பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நடந்தாள். வழியில் நாகபூஷணம் பப்ஸ் கடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, ஆறு மணி ஆட்டத்துக்கு நீங்க உள்ள வர வேணாம்," என்றாள். "வேன்லயே ஒக்காந்து இதையே துன்னுக்கினு இருங்க."