சொஜ்ஜி இல்லாமல், பஜ்ஜி இல்லாமல்

சிவப்புத் துண்டுக்காரர் மறுபடியும் வேங்கடேசன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டார். பின்னால் வரப்பில் வந்துகொண்டிருந்த அவன் அப்பா விருத்தாசலத்துக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஆள் கல்யாணத் தரகர்தான்.

"தம்பிக்கு எந்த ஆபீசு?"

"திண்டிவனம் தபால் ஆபீசுங்க."

"கேப்பைக் கூழு குடிப்பியா, இல்ல டவுனுக்குப் போனதும் இட்லிதானா?"

"கூழு இல்லாம எனக்குப் பொழுதே விடியாதுங்க."

"பீடி, சிகரெட்டு? கூச்சப்படாத தம்பி, எங்கிட்ட ஒண்ணு இருக்குது, தரட்டா?"

"ஐயோ, அதெல்லாம் பழக்கமில்லீங்க," என்று சிரித்தபடி வேங்கடேசன் குனிந்தான். வரப்பில் கிடந்த கருவேல முள்ளை எடுத்து வேலியோரம் போட்டான்.

"அது யாருக்காவ?"

"பின்னால செருப்பில்லாம வர்றாங்களேங்க."

விருத்தாசலம் பல்லைக் கடித்தார். இந்த மனிதரின் பேச்சு முன்னால் போகிற செண்பகத்தின் காதில் விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகும்.

அப்பாவும் மகனும் காணையிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தார்கள். மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பார்க்கப் போகிறோம் என்பது ஊருக்குச் சொன்னது. உண்மையில் பார்க்க வந்தது செண்பகத்தை. அனந்தபுரத்தில் டீச்சர் வேலை பார்க்கிற பெண். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியப்பட்டு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடுகல், குகை, பழைய கல்வெட்டு என்று வயல்வெளியில் நடந்துபோய்க் காட்டுவாள். கூட்டத்தோடு கூட்டமாக இவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இப்படி ஒளிந்து வந்ததற்குக் காரணம் விருத்தாசலத்தின் தங்கை வீரம்மாள். அந்தக் காலத்தில் அவளை நாலு வீட்டார் வந்து பார்த்துப் பலகாரம் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள். ஒருவரும் எழுதவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது புது ஆள் வந்தால் வீரம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

"புடிக்கலைன்னா கம்முனு பஸ் ஏறிடுவோம். நாம வந்ததே அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது," என்று பஸ்ஸிலேயே மகனிடம் சொல்லிவிட்டார். ஜாதகம் கொண்டுவந்த தரகர் துரைக்கண்ணு ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அவரிடமும் மயிலம் முருகன்மேல் சத்தியம் வாங்கியாயிற்று. இப்போது எங்கிருந்தோ இன்னொரு தரகர் முளைத்திருக்கிறார்!

கரும்புத் தோட்டத்தைத் தாண்டியதும் பாறை வந்தது. செண்பகம் எல்லாருக்கும் அவித்த மல்லாட்டைக் கடலை கொடுத்தாள். பிறகு கல்வெட்டைக் காட்டினாள்.

"செங்கல்லு இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இந்தக் கோயில எடுத்தேன்னு ராஜாவே இதுல வெட்டி வெச்சிருக்காரு. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பிடியே நிக்குது பாருங்க."

"நாமளும் அப்பிடித்தான்டா," என்று விருத்தாசலம் மகன் காதில் கிசுகிசுத்தார். "சொஜ்ஜி இல்லாம, பஜ்ஜி இல்லாம, ஜமக்காளம் இல்லாம பொண்ணு பாக்குறோம். புடிச்சிருக்கா, இல்லியா?"

வேங்கடேசனுக்குக் காது சிவந்தது. "கல்லப் பத்திப் பேசும்போதே மூஞ்சி எப்பிடி மலருது பாருப்பா. எனக்குச் சரி. அவங்களுக்குத்தான் என்னப் புடிக்கணும்."

விருத்தாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மூன்று கருவறைகளும் காலியாக இருந்தன. ஆனாலும் கை கூப்பினார். சாமி இல்லாத இடம் என்று ஒன்று உண்டா? இந்தச் சம்பந்தம் கூடிவரட்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால் எதிரே சிவப்புத் துண்டு! வாசலின் இரண்டு பக்கமும் தடியூன்றி நிற்கும் காவலர் சிலைகளைக் கூட்டமே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் மட்டும் வந்ததிலிருந்து அவற்றை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்வை வேங்கடேசன் மேலேயே இருந்தது.

விருத்தாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தோளைப் பிடித்து ஒரு தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏங்க, காலையிலேர்ந்து பாக்குறேன், பையனப் பேஜாரு பண்ணிக்கினே இருக்கீங்க. அவனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. நீங்க வேற எடம் பாருங்க."

அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போயிற்று. "பாத்தாச்சுங்களா?" என்றார். "எந்த ஊருப் பொண்ணுங்க?"

கேட்ட குரலில் அத்தனை ஏமாற்றம். பாவம், நாலு வீடு ஏறி இறங்கிப் பிழைக்கிறவர், வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று விருத்தாசலத்தின் மனம் இளகியது. தன் கையிலிருந்த மல்லாட்டையில் பாதியை அவர் கையில் கொட்டினார்.

"தின்னுங்க. ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? கல்வெட்டப் படிச்சிக் காட்டுச்சே, அந்தப் புள்ளதாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பப் புடிச்சிப்போச்சு. நாளைக்கே வெத்தல பாக்கோட போய் அவங்கப்பாகிட்டப் பேசப்போறோம். ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. தயவு செஞ்சி வாயத் தொறந்துடாதீங்க."

சிவப்புத் துண்டுக்காரர் மல்லாட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அவர் கண் கலங்கியது. வாய் சிரித்தது. இரண்டையும் மறைக்கத் துண்டு ஒன்றுதான் இருந்தது.

அப்போது தூணுக்கு அந்தப் பக்கமிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். தூண் மறைவில் நின்ற விருத்தாசலம் அவள் கண்ணில் படவில்லை. சிவப்புத் துண்டைப் பிடித்து இழுத்து மெல்லக் கேட்டாள்.

"ஏம்பா, துரைக்கண்ணு சொன்ன மாப்பிள்ளயப் பாத்து முடிச்சிட்டியா?"