ரூத் ஆண்ட்டிக்குத் துணை

யூத ஆலயத்தின் மேல் யாரோ கல்லெறிந்ததிலிருந்து, பக்கத்து வீட்டு ரூத் ஆண்ட்டி வெளியே வரவே பயந்தார்.

"பாவங்க, யூதர்னாலே வெறுக்குறாங்க. தனியா விடக் கூடாது" என்று யாமினி தினமும் போய்த் துணைக்கு உட்கார்ந்திருப்பாள். அவள் கணவன் மதனுக்கு அதில் தனிப் பெருமை.

இன்று அவளுக்கு ஆபீஸ் மீட்டிங். ஆண்ட்டிக்காக அவள் வைத்திருந்த ரசத்தை மதனே கொண்டுபோனான். ஆண்ட்டி வாங்கவில்லை.

"உன் வொய்ஃபை இனிமே இங்க அனுப்பாதே, மதன்."

"ஏன் ஆண்ட்டி, ரசம் ரொம்பக் காரமா?"

"நான் பயந்து கிடக்கிற நேரத்துல வந்தாளே, ஃப்ரெண்டுன்னு நம்பினேன். என்னைக் கிறிஸ்தவளா மாத்தத்தான் வந்திருக்கா."

மதன் சிரித்துவிட்டான். "யாமினியா? ஆண்ட்டி, நாங்க இந்து. தினமும் சாமி விளக்கு ஏத்துறவ அவ. போன சண்டேகூட பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம். நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

ஆண்ட்டியின் முகத்தில் இருந்த கோபம் மெல்ல இறங்கியது.

"உன்கிட்டயும் சொல்லலையா? அவ ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம் ஆச்சாம்."

மதன் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"ரெண்டு பேர் மனசு மாறணும்னு தினமும் ஜெபம் பண்றாளாம்" என்றார் ஆண்ட்டி. "ஒண்ணு நான். இன்னொண்ணு நீ."