ஒற்றைச் சேனல்

எஸ்தர் புதிதாக வாங்கிய கீபோர்டுக்குத் தன்மேல் ஒரு பெருமை இருந்தது. கட்டையில் விரல் அழுந்தினாலும், நடுங்கினாலும், லேசாக வழுக்கினாலும் அது உணர்ந்துவிடும். ஒவ்வொரு விரலின் சேதியையும் தனித்தனிச் சேனலில், தனித்தனிக் குரல்போல அனுப்பும்; ஆனால் தானாக ஒலி எழுப்பாது. இறந்துபோன அண்ணனின் நினைவுக் கூட்டத்தில் வாசிப்பதற்காக, எஸ்தர் அதை, வரும் சேதியை இசையாக்கும் அண்ணனுடைய சிந்தசைசரோடு கேபிளால் இணைத்தாள்.

வாசித்துப் பார்த்தாள். சிந்தசைசர் ஒரு சுரத்தை உயிரில்லாமல் முனகிவிட்டு ஓய்ந்தது.

"உனக்குக் காது கேட்காதா?" என்று கீபோர்டு கத்தியது. "அவள் விரல் எப்படி நடுங்குகிறது தெரியுமா? எல்லாவற்றையும் சொன்னேனே!"

"சொன்னாய், பத்து வாயால் சொன்னாய்" என்றது சிந்தசைசர். "எனக்கு ஒரு சேனல்தான் கேட்கும். நான் என்ன செய்வேன்?"

சிந்தசைசர் ஒரு சேனலை மட்டுமே ஏற்கும் என்பதை எஸ்தரும் கண்டுகொண்டாள். பிறகு கீபோர்டின் செட்டிங்கைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே சேனலுக்கு மாற்றினாள். கீபோர்டுக்கு வாயைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. இத்தனை திறமையும் இருந்து, இந்தச் சிந்தசைசருக்காகவா இப்படிச் சுருங்க வேண்டும்?

அவள் ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். வேறு வழியில்லாமல் கீபோர்டு அந்த ஒரு விரலை மட்டும் கவனித்தது. அதன் பாரத்தையும் நடுக்கத்தையும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பியது. சிந்தசைசரிலிருந்து ஒரு சுரம் மெல்ல எழுந்து விம்மியது.

"கேட்கிறதா?" என்று கீபோர்டு தணிந்து கேட்டது.

"கேட்கிறது. அழுகிறாள்" என்றது சிந்தசைசர். "விரலை இன்னும் எடுக்கவில்லை. நீயும் விட்டுவிடாதே."

கீபோர்டு விடவில்லை.