ரசீதில் இருந்த பெயர்

எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய முன்பணத்தில் அத்தாயி தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூறு ரூபாய். மாதம் பிறந்ததும் அவள் புருஷன் சின்னன் செம்மநத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆபீசில் நூறு ரூபாய் கட்டுவான். ரசீதில் அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் கிளம்புவான்.

இந்த மாதமும் நூறு கட்டினான். ரசீதில் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

"ஏன் கண்ணு, பேரைக் காணமே?"

"கம்ப்யூட்டருக்குப் புது சர்வர் மாத்துனாங்க. அதுல தமிழ் எழுத்து ஒத்துப்போகாம, எல்லார் பேரும் இப்படி ஆயிருச்சுங்க" என்றாள் புதிதாக வேலைக்கு வந்த ஸ்டெஃபி.

"பழையபடி வராதுங்களா?"

"பழசை அழிச்சுட்டாங்க. அவங்களை ஒருக்கா நேர்ல வந்து கைரேகை வைக்கச் சொல்லுங்க, புதுசா ஏத்திடலாம்."

சின்னன் மடியிலிருந்த நோட்டுக்கட்டைப் பிரித்து, மீதி மூவாயிரத்து முந்நூறையும் எண்ணி வைத்தான்.

"ஏனுங்க, இவ்ளோ வச்சுக்கிட்டா நூறு நூறா கட்டுனீங்க?"

"கடன் தீந்தா பேரை எடுத்துருவாங்கல்ல, சாமி. அவ செத்து மூணு வருசமாச்சுங்க. ரேசன் கார்டுல எடுத்தாச்சு, ஓட்டு லிஸ்ட்ல எடுத்தாச்சு. மிச்சம் இருந்தது இந்த ரசீதுலதானுங்க."

கணக்கு முடிந்த ரசீதிலும் கேள்விக்குறிகளே வந்தன. சின்னன் ஸ்டெஃபியிடம் பேனாவை வாங்கி, அவற்றின் மேல் ஒவ்வொரு எழுத்தாக 'அத்தாயி' என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.