வண்டிக்கு இருமல்

வண்டி இருமியது.

ஒருமுறை இருமியிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இது நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி இருமியது. கதவுக் கண்ணாடிகள் கடகடத்தன.

வாங்க வந்தவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் கூட்டி வந்திருந்த மெக்கானிக் ஓர் அடி முன்னால் வந்தார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிட்டிருந்துச்சு," என்றார். பழைய வண்டியை விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பாவம், அவர் சொன்னது உண்மை.

ஒளிப்பானேன், எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. இந்த வண்டியை விற்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

பதினேழு வயதான சின்ன வண்டி. நான் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான். கேட் தூணில் போய் இடித்ததும் இதில்தான். வியாழக்கிழமை தவறாமல் என் மாமியாரை ஓவிய வகுப்புக்குக் கூட்டிப் போவதும் இதில்தான்.

புது வண்டி வந்தால் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். எங்கே போகணும்னு சொல்லு, நானே கொண்டுபோய் விடுறேன் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். அதில் என் பக்கம் பேச ஆளில்லை. அத்தைக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. ஏறும்போது 'டப்பா', இறங்கும்போது 'ஓட்டை டப்பா'. நடுவில் இடுப்பு வலிக்கிறது, சீட் சுடுகிறது, கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போகிறது. விற்கப் போகிறேன் என்று மகன் சொன்னபோது, 'அப்பாடா' என்றார். அதோடு என் நம்பிக்கையும் போயிற்று.

இப்போதும் வாசலில் நாற்காலி போட்டு, காலைப் பேப்பரை விரித்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் சைலன்சர் முனையில் உள்ளங்கையைக் காட்டினார். புகை சீராக வராமல் விட்டு விட்டு வந்தது. பிறகு பானட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க ஆரம்பித்தார். வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். வேலை செய்யாததைப் பிடுங்கினால் ஒன்றுமே ஆகாது. ஆபீசில் சும்மா உட்கார்ந்திருப்பவர் லீவு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் ஒயரைப் பிடுங்கியதும் எஞ்சின் அணைந்தே போயிற்று. மாட்டிவிட்டு மறுபடி கிளப்பினார்கள்.

இரண்டாவது ஒயர், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதன் தொப்பி பிளக்கில் மாட்டியிருக்கவே இல்லை. மாட்டியது போல் பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தது.

அழுத்தினார். டிக் என்றது.

"இவ்வளவுதானா!" என்று என் வீட்டுக்காரர் மலர்ந்தார். வாங்க வந்தவர் மறுபடி பக்கத்தில் வந்தார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் சாவி கை மாறிவிடும்.

எஞ்சினைக் கிளப்பினார்கள்.

இருமியது.

குலுக்கல் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் புருவத்தைச் சுருக்கினார். அவரைவிட நான்தான் அதிகம் திகைத்துப் போனேன்.

மறுபடி முதலிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிடுங்கப் பிடுங்க எஞ்சின் தள்ளாடியது. நாலாவதைப் பிடுங்கியபோது கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் அதன் தொப்பி இறுக்கமாகத்தான் இருந்தது.

அவர் அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே மறுமுனைக்குப் போனார். நான்கு ஒயர்களும் கிளம்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கை நுழையாத ஓர் இடுக்கில் இருக்கிறது. அங்கே நாலாவது ஒயரின் முனையை உருவி, ரப்பர் உறையை மட்டும் நல்ல பிள்ளையாக மேலே மூடி வைத்திருந்தது. செய்த கைக்குப் பொறுமை அதிகம்.

மாட்டினார். இருமல் நின்றது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வாங்க வந்தவரிடம் திரும்பினார்.

"எஞ்சின் தங்கம் சார். ஆனா ரெண்டு ஒயர், ரெண்டு வேற வேற முனையில, தானா கழலாது. இந்த வீட்ல யாருக்கோ வண்டியக் குடுக்க மனசில்ல. நமக்கு வேணாம்."

வாங்க வந்தவர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு, என் வீட்டுக்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கேட்டைச் சாத்திவிட்டு இவர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"ரெண்டையும் நீதான கழட்டின?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது, பேப்பருக்கு மேலே அத்தையின் இரண்டு கண்கள் தெரிந்தன. வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முழி.

"ஆமாங்க. ரெண்டும் நான்தான்," என்றேன்.

கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் விற்கவே கிளம்பியிருக்க மாட்டேனே என்றார். ஊரான் முன்னால் மானம் போயிற்றே என்றார். கடைசியில், நீயே வைத்துக்கொண்டு அழு என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார்.

நான் கழற்றியது ஒன்றைத்தான். திட்டு வாங்கியது இரண்டுக்கும். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.