வெங்காயம் வெட்டும் இடம்

ஓப்பலை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் புருஷன் ஹார்லன் தினமும் மத்தியானம் தொப்பியை மாட்டிக்கொண்டு பர்கர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார் என்றால், ஊர் சும்மா இருக்குமா?

அதுவும் எங்கள் எல் ரீனோ மாதிரி சின்ன ரயில்வே ஊர். சர்ச் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பெட்டிய குழியில இறக்கினப்பக்கூட மனுஷன் கண்ணுல ஒரு சொட்டு வரல. இப்ப பாரு, நாக்கு ருசி கேக்குது."

மகள் நடீன் காதிலும் அது விழுந்தது. அவளுக்கும் மனசுக்குள் அதே ஆதங்கம்தான். அடுத்த தெருவிலிருந்து வந்து அவள் சமைத்து வைத்தால், அப்பா தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறார். அம்மா பெயரை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

"அப்பா, அந்த வெங்காய பர்கர்தானே வேணும்? நானே பண்ணித் தரேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்."

"இதுல என்ன சிரமம்? ரயில்வே ஸ்டிரைக் சமயத்துல கறி வாங்க வழியில்லாம, வெங்காயத்த அள்ளிப் போட்டு வயித்த ரொப்பின சாப்பாடுதானே. நீங்கதானே கதை கதையா சொல்வீங்க."

மறுநாள் மும்முரமாக இறங்கிவிட்டாள். இரும்புக் கல்லைப் புகைய விட்டு, கொத்துக்கறி உருண்டையை வைத்து, அதன் தலையில் சீவின வெங்காயத்தைக் கை நிறையப் போட்டு, கரண்டியால் 'நசுக்' என்று அமுக்கினாள். வெங்காயம் கறிக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டது. திருப்பிப் போட்டு, அது முறுகிச் சிவந்ததும் மேலே பன்னை வைத்து ஆவியில் மெத்தென்று ஆக்கினாள். வீடே மணந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"கடைக்காரன் தோத்தான் போ."

தோற்றதாவது! அடுத்த நாள் மத்தியானம் அதே தொப்பி, அதே கடை.

நடீனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா வீடு திரும்பினதும் நேராகக் கடைக்குப் போனாள். கடைக்கார ராய்ஸ் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். சாப்பிடுகிறவர்கள் மூக்குக்கு நேரே பலகையைப் போட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்யா ராய்ஸ், பின்னாடிதான் அவ்வளவு பெரிய சமையல்கட்டு இருக்கே. அங்க வச்சு வெட்டினா உன் கை கோணிக்குமா?" என்றார் ஒருவர்.

"எனக்கு இங்கதான் வசதி. எரிஞ்சா எழுந்து போங்க."

நடீன் பலகைக்கு எதிரில் போய் நின்றாள்.

"டேய், எங்கப்பாவுக்கு அப்படி என்னடா போட்டுத் தர்ற? ஊரே சிரிக்குது. அதே கறி, அதே வெங்காயம் நானும்தான் போட்டேன்."

"வெங்காயத்த எப்ப வெட்டின?"

"அவர் சாப்பிட வர்றதுக்கு முன்னாடியே வெட்டி முடிச்சுட்டேன். அதுவும் தண்ணியில ஊறப் போட்டு, ஜன்னலத் தொறந்து வச்சு. பாவம், அவருக்குக் கண்ணு எரியக் கூடாதில்ல?"

ராய்ஸ் கத்தியைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"அங்கதான் தப்பு பண்ணிட்ட நடீன். முன்னெல்லாம் நான் பின்னாடிதான் வெட்டிக்கிட்டிருந்தேன். உங்கம்மா அடக்கத்துக்கு மறுநாள் உங்கப்பா இங்க வந்து உக்காந்தார். தட்டுல கைய வைக்கல. மொகம் கல்லு மாதிரி இருந்துச்சு. எனக்கே பயமாப் போச்சு. அப்பதான் பலகைய இங்க கொண்டுவந்தேன்."

"எதுக்கு?"

"ரயில்வேயில காலம்பூரா இரும்பு அடிச்ச மனுஷன், நாலு பேர் முன்னாடி அழுவாரா? உன் முன்னாடிதான் அழுவாரா? இங்க எல்லாரும் கண்ணத் தொடைக்கறாங்க. அவரும் தொடைச்சுக்கறார். ஏன்னு யாரும் கேக்கறதில்ல. அப்புறம்தான் சாப்பிடறார். அவர் இருக்கறப்ப மட்டும் வெட்டினா சந்தேகம் வரும்னு நாள்பூரா இங்கயே வெட்டறேன்."

நடீன் பலகையை அவன் பக்கமாகத் தள்ளினாள். "இனிமே நீ பின்னாடியே வெட்டிக்கடா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஹார்லன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, செத்த இங்க வந்து உக்காருங்க. எனக்குப் பேச்சுத் துணை வேணும்."

அவர் மேஜை எதிரில் வந்து உட்கார்ந்தார். நடீன் ஜன்னலைச் சாத்தினாள். பலகையை அவருக்கு நேரே போட்டாள். அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெங்காயங்களைக் கூடையோடு எடுத்து வைத்தாள்.

ஹார்லன் அந்த நாற்காலியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கைக்குட்டையைத் தேடி எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார்.

"உங்கம்மாவுக்கும் இந்த வெங்காயம்னா... கண்ணு ரொம்ப எரியுதும்மா."

"ஆமாப்பா. ரொம்பக் காரம். எனக்கும்தான் எரியுது," என்றாள் நடீன், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

கூடையிலிருந்த வெங்காயத்தில் ஒன்றைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை.