பூஜ்யம் எங்கே?

சுரங்கம் சரிந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. உள்ளே ஏழு பேர். மேலிருந்து எங்கே துளை போடுவது என்று வரைபடப் பிரிவில் இருக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தின் அளவுகள் கணினியில் இருந்தன. எந்த ஆயத்தொலைவு முறை என்ற குறிப்பு மட்டும் இல்லை. தெரிந்த முறைகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் சுரங்கம் நடுக்கடலில் போய் விழுந்தது.

"அளந்த சர்வேயரையே கேளும்மா!" என்று கத்தினார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி.

"அவரும் உள்ளேதான் சார் இருக்காரு."

அதிகாரி தலையில் கைவைத்தார். "எங்கேருந்து அளந்தான்னு எழுதியாவது வெச்சிருக்கானா பாரு, அந்தப் பாவி!"

சர்வேயரின் மேஜையைக் குடைந்தேன். கட்டுப் போட்ட கால் கட்டைவிரல் இழுப்பறையில் இடித்து உயிர் போனது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'பூஜ்யம் - வாசல் ஆணி.'

"எந்த வாசல்? ஊருல ஆயிரம் வாசல் இருக்கே!"

கட்டைவிரலைப் பார்த்தேன்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க சார். எங்க வீட்டுக்கு!"

காலையில் அந்த ஆணியில் இடித்துக்கொண்டுதான், "வேலைக்குப் போறதுக்குள்ள பிடுங்கி எறிங்க" என்று அந்த சர்வேயரிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கல்யாணமானதிலிருந்து ஒரு நாளும் என் பேச்சைக் கேட்காத மனுஷன், இன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாது, கடவுளே!